புதருக்குத் தண்டம், மரத்துக்குக் காவல்

ஒருவருடைய நிலத்தில் நிற்கும் செடி அவருக்குப் பழம் தருகிறது, காசும் தருகிறது. அதனால் அவருக்கு யாதொரு தீங்கும் இல்லை. ஆனால் அச்செடியில் தங்கி வளரும் ஒரு நோய் காற்றிலேறிச் சென்று அயலாருடைய மரங்களைக் கொன்றுவிடுகிறது. அயலார் அரசாங்கத்திடம் முறையிடுகிறார். அரசாங்கத்தின் ஆள் வந்து, செடியைப் பிடுங்கும்படி உத்தரவிடுகிறார். இவ்வுத்தரவு நியாயமானதா? நியாயமெனில், செடியை இழந்தவருடைய நஷ்டத்தை ஏற்க வேண்டியவர் யார்? அவ்வுத்தரவு எத்தனை காலம் நிலைத்திருக்கலாம்?

இவை ஏட்டளவில் எழுந்த கேள்விகள் அல்ல. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இக்கேள்விகள் உயிரோடு இருந்து வருகின்றன. நம் அங்கத்தினரில் ஒரு சாரார் பருத்தியும் வாழையும் தென்னையும் பயிரிடுகின்றவர்கள். மற்றொரு சாரார் அப்பருத்தியின் நூலை நம்பித் தறி நடத்துகின்றவர்கள். பயிர்நோய்ச் சட்டம் என்பது இரு சாராரையும் தொடுவது. ஆகவே தூர தேசத்து விவகாரமாயினும் இதனைச் சற்று விரிவாக ஆராய்வது நமக்குப் பயன் தரும் என்று எண்ணுகிறோம்.

மரமும் புதரும்

முதலில் மரத்தைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் கீழைப் பகுதியில் வளரும் வெள்ளைப் பைன் மரம் நெடிதுயர்ந்து நேராக வளர்வது. ஒரு கொத்துக்கு ஐந்து ஊசியிலைகள் கொண்டது. ஆங்கிலேயர் ஆண்ட நாளில் அவர்களுடைய கடற்படைக் கப்பல்களுக்குப் பாய்மரம் தந்தது இதுவே. நல்ல மரங்களை அரசருக்கென்று அடையாளமிட்டு வைத்ததனால் குடியேறிகளுக்கு உண்டான ஆத்திரம், 1772 ஆம் ஆண்டில் நியூ ஹாம்ஷயரில் கலவரமாகவே வெடித்தது. மேயின் மாநிலத்துக்குப் பைன் மர மாநிலம் என்றே பெயர். மேற்கு மலைகளில் இதற்கு உறவான மேலை வெள்ளைப் பைனும், சர்க்கரைப் பைனும், சிகரங்களை ஒட்டி வெண்பட்டைப் பைனும் வளர்கின்றன. இவை யாவும் ஐந்தூசி இனங்கள்.

அடுத்தது புதர். கரன்ட் என்றும் கூஸ்பெரி என்றும் வழங்கும் சிறு பழப் புதர்கள், ரைபீஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கேக்கில் இடும் சிறிய உலர் திராட்சைக்கும் கரன்ட் என்ற பெயர் உண்டு. அது வேறு, இது வேறு. கூஸ்பெரியை நம் அகராதிகள் நெல்லி என்று எழுதிவிடும். நம் நெல்லிக்கும் அதற்கும் உறவில்லை. கரன்ட்டில் சிவப்பும் வெள்ளையும் கறுப்பும் உண்டு. புளிப்பும் மணமும் நிறைந்த இப்பழங்கள் பாகுக்கும் பானத்துக்கும் ஏற்றவை. நியூயார்க் மாநிலத்து ஹட்ஸன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சிறு விவசாயிகள் பலர் இவற்றைப் பயிரிட்டு வந்தனர். வீட்டுக் கொல்லைகளிலும் இவை நின்றன. தோட்டத்தில் நட்டவை போக, காடுகளில் தாமே வளரும் ரைபீஸ் இனங்களும் அந்நாட்டில் ஏராளம்.

இரு வீட்டில் வாழும் நோய்

இவ்விரண்டுக்கும் இடையே வந்து புகுந்தது கொப்புளத் துருநோய். இதற்குக் காரணமான பூஞ்சணம் ஒரே வீட்டில் வாழ்ந்து முடிப்பதன்று. அதற்கு இரண்டு வீடுகள் வேண்டும். வசந்த காலத்தில் பைன் மரத்தின் பட்டையில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் வெடிக்கின்றன. அவற்றினின்று கிளம்பும் வித்துக்கள் தடித்த தோலுடையவை. காற்றில் நூற்றுக்கணக்கான மைல் செல்ல வல்லவை. ஆயினும் அவை வேறொரு பைன் மரத்தின்மேல் விழுந்தால் ஒன்றும் செய்யமாட்டா. ரைபீஸ் இலையின்மேல் விழுந்தால்தான் முளைக்கும். கோடை முழுவதும் அப்புதரினின்று அடுத்த புதருக்கு நோய் பரவுகிறது. கோடை முடிந்து குளிர்ந்த ஈரக்காற்று வீசும்போது, இலையின் அடிப்புறத்தில் வேறொரு வகை வித்து உண்டாகிறது. அதுதான் பைனைத் தாக்குவது. ஊசியிலையின் வழியே புகுந்து, கிளைக்கு இறங்கி, அடிமரத்தை வளையமாகச் சூழ்ந்து, மேற்பகுதிக்கு உணவு செல்லாதபடி நெரித்துவிடுகிறது. புகுந்த நோய் கொப்புளமாக வெளிப்படச் சில ஆண்டுகள் ஆகும். நோயுண்டு என்று உடையவர் அறியுமுன்னரே இளமரம் சாவின் வாயில் நிற்கும்.

புதரின் கதையோ வேறு. இலை முன்னதாகவே உதிரும். விளைச்சல் சிறிது குறையும். மறு வசந்தத்தில் மீண்டும் தழைத்துவிடும். ஒரே நோய் ஒருவருக்குச் சளியாகவும் மற்றவருக்கு மரணமாகவும் வந்தால், சளி பிடித்தவர் அதைப் பெரிதாக எண்ணமாட்டார் அல்லவா? சட்டம் குறுக்கிட வேண்டிய காரணம் இங்கேதான் பிறக்கிறது.

இதில் வேறோர் உண்மையும் அடங்கியிருக்கிறது. புதரினின்று பைனுக்குச் செல்லும் வித்து மிக மென்மையானது. வெயிலும் வறட்சியும் பட்டால் மடிந்துவிடும். பெரும்பாலும் சில நூறு அடிகளுக்கு அப்பால் செல்லாது. ஆகவே பைன் தோப்பைச் சுற்றிச் சுமார் 900 அடிக்கு ரைபீஸ் இல்லாமற் செய்துவிட்டால், தோப்பு பெரும்பாலும் பிழைக்கும் என்று வல்லுநர் கணக்கிட்டனர். எல்லாவற்றிலும் கொடிதாக நோயை ஏற்கும் கறுப்புக் கரன்ட்டுக்கு மட்டும் ஒரு மைல் என்று வைத்தனர். சிவப்புக் கரன்ட்டும் கூஸ்பெரியும் நோயை அவ்வளவு எளிதில் ஏற்பன அல்ல.

நோய் வந்த வழி

இந்நோய் அமெரிக்க மண்ணில் பிறந்ததன்று. ஆசியாவிலிருந்து ஐரோப்பாவில் புகுந்து, அங்கு வளர்த்த அமெரிக்கப் பைன் மரங்களைத் தாக்கியது. அப்படியானால் கடல் கடந்து சென்றது எப்படி? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காடுகளை வெட்டித் தீர்த்த அமெரிக்கர், மீண்டும் பைன் நட விரும்பினர். உள்நாட்டு நாற்றுப் பண்ணைகளைவிட ஐரோப்பியப் பண்ணைகள் குறைந்த விலைக்கு நாற்றுத் தந்தன. தங்கள் நாட்டு மரத்தின் நாற்றையே ஜெர்மனியிலிருந்து தருவித்தனர். நாற்றோடு நோயும் வந்தது. 1906 ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா நகரில் ரைபீஸ் புதரில் துரு கண்டுபிடிக்கப்பட்டது. 1910 இல் பிரான்ஸிலிருந்து கனடாவின் வான்கூவர் பகுதிக்குச் சென்ற பைன் நாற்றுக்கள் மேற்குக் கரைக்கும் நோயைக் கொண்டு சேர்த்தன. அது அங்கு வெளிப்பட்டது 1921 இல். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

1912 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவை தாவரத் தொற்றுத்தடைச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்கீழ்ப் பிறந்த முதல் தடையே ஐந்தூசிப் பைன் நாற்றுக்களின் இறக்குமதி மீதுதான். கதவு சாத்தப்பட்டது, ஆனால் திருடன் உள்ளே வந்தபின் சாத்திய கதவு அது. பின்னர் பைன் நாற்றையும் ரைபீஸ் செடியையும் மாநிலம் விட்டு மாநிலம் அனுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. மாநிலங்கள் தத்தம் சட்டங்களால் ரைபீஸ் வளர்ப்பதைத் தடுத்தன, வளர்ந்தவற்றைப் பிடுங்கின.

நம் வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். நோய் வந்தது பைன் நாற்றின் வழியாக. மலிவு கருதி அந்நாற்றை வாங்கியவர்கள் பைன் நட்டவர்கள். கரன்ட் பயிரிட்டவருக்கு அவ்வியாபாரத்தில் எவ்விதப் பங்கும் இல்லை. ஆயினும் செடியை இழந்தவர் அவர்தான். வாங்கியவருடைய தவறுக்கு வாங்காதவர் தண்டம் செலுத்தினார்.

களையெடுப்பின் பலன்

புதர் களையும் வேலை பெரும் படையெடுப்பாக நடந்தது. 1933 முதல் 1942 வரை, வேலையற்ற இளைஞர்களுக்காக அமைந்த இயற்கைவளப் பாதுகாப்புப் படையினர் ஆயிரக்கணக்கில் மலையேறி ரைபீஸ் புதர்களைக் கையால் பிடுங்கினர். கணக்கு கோடிகளில் ஏறியது. மேற்கு மலைகளில் அவ்வுழைப்பு வீணாயிற்று. விட்டுப்போன வேர் மீண்டும் துளிர்த்தது. மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்த விதைகள், மண் கிளறப்பட்டதும் முளைத்தன. செங்குத்தான சரிவுகளில் ஒரு புதரும் விடாமல் களைவது இயலாத காரியம். மருந்து தெளித்துப் பார்த்தனர், அதுவும் பலிக்கவில்லை. 1960களின் இறுதியில் மேற்கில் அவ்வேலை கைவிடப்பட்டது. துருநோயும் கோடரியும் வண்டும் சேர்ந்து, ஐடஹோ முதலான உள்நாட்டு மலைப்பகுதிகளில் மேலை வெள்ளைப் பைன் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழித்துவிட்டன. 2006 இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, ஐடஹோ மாநிலத்தின் வட பகுதியில் ரைபீஸ் அல்லாத வேறு இரு காட்டுச் செடிகளும் இந்நோய்க்கு இடம் தருவதைக் காட்டிற்று. 2022 டிசம்பரில் வெண்பட்டைப் பைன் அழிவபாயத்துக்கு உள்ளான இனமாக அரசாங்கப் பட்டியலில் ஏறியது.

கிழக்கில் நிலைமை வேறு. மேயின் மாநிலத்தில் எழுபது ஆண்டுகள் புதர் களைந்ததன் பலனை ஆராய்ந்து 1988 இல் வெளியிட்டனர். களைந்த இடங்களில் நோய்கண்ட பைன் நூற்றுக்குச் சுமார் நான்கு. களையாத இடங்களில் சுமார் பத்து. அங்கே சட்டம் பயனற்றுப் போகவில்லை என்று நடுநிலையாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். மேயினில் கறுப்புக் கரன்ட் இன்றும் மாநிலம் முழுவதிலும் தடைக்குட்பட்டதே.

ஆகவே ஒரே சட்டம், ஒரே நோய்; ஓரிடத்தில் பயன், மற்றோரிடத்தில் வீண். இடத்துக்கு இடம் கணக்குப் பார்க்காமல் போடும் உத்தரவின் குறை இதனால் விளங்கும்.

யார் பொருள் பெரிது?

ஐரோப்பாவில் இதே கேள்விக்கு எதிர்மாறான விடை கிடைத்தது. அங்கே கரன்ட் பழம் உழவரின் வருவாய். அமெரிக்கப் பைன் வந்தேறிய மரம். ஆகவே பைன் நடுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர், கரன்ட் நிலைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆரஞ்சு கிடைக்காத பிரிட்டனில், கறுப்புக் கரன்ட் பாகு குழந்தைகளுக்கு வைட்டமின் சி தரும் பொருளாக அரசாங்கத்தால் வழங்கப்பட்டது. ஒரு தேசத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்ற பழம், மற்றொரு தேசத்தில் குழந்தைகளைக் காத்தது.

அமெரிக்காவிலேயே இதனைத் தலைகீழாக்கியது போன்ற வழக்கு ஒன்று உண்டு. வர்ஜீனியா மாநிலத்தில் ஆப்பிள் தோட்டங்களை வேறொரு துருநோய் தாக்கியது. அந்நோய் ஆப்பிளுக்கும் செஞ்சீடர் மரத்துக்கும் மாறி மாறிக் குடிபுகுவது. ஆப்பிள் அம்மாநிலத்தின் பெருந்தொழில். 1914 ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டங்களை அடுத்துள்ள சீடர் மரங்களை வெட்டும்படி உத்தரவிட அதிகாரம் அளித்தது. மரத்தை இழந்த ஒருவர் வழக்காடினார். வெட்டும் கூலிக்காக அவருக்கு 100 டாலர் கிடைத்தது. மரத்துக்கு விலை ஏதும் இல்லை. 1928 இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. இரண்டில் ஒன்று அழிந்தே தீரும் என்னும்போது, பொதுமக்களுக்கு மிகுதியும் பயன் தருவதைக் காக்க மற்றதை அழிக்க அரசுக்கு உரிமை உண்டு என்பதே தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பின் முற்பகுதியை நாம் மறுக்கவில்லை. ஊர் முழுவதும் கெடுவதைக் காட்டிலும் ஒரு தோட்டம் இழப்பது மேல். ஆனால் காக்கப்பட்டவர் லாபம் முழுவதையும் எடுத்துக்கொள்ள, இழந்தவர் வெறுங்கையோடு நிற்பது எந்த நீதியில் சேரும்? வர்ஜீனியாவில் பழம் பெருந்தொழில், மரம் வெட்டப்பட்டது. வடகிழக்கு மாநிலங்களில் மரம் பெருந்தொழில், பழப்புதர் பிடுங்கப்பட்டது. இரண்டிடத்திலும் நின்றது பணமதிப்பு மிக்க பொருள். போனது மதிப்புக் குறைந்த பொருள்.

நோயைத் தாங்கும் செடிக்கு நஷ்ட ஈடு எதற்கு என்று கேட்பவர் உண்டு. பிறர்க்குக் கேடு செய்யும் பொருளுக்கு விலை கேட்பது தகுமா என்பது அவர்கள் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் இது சரியெனத் தோன்றும். ஆனால் சட்டம் கிராமத்தில் எப்படி நடக்கிறது என்று அறிந்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். செடி போனால் காசும் போகும் என்று தெரிந்தால், விவசாயி நோயை மறைப்பார். அதிகாரி வரும் நாளில் வேலிக்கதவை அடைப்பார். ஈடு உண்டு என்று தெரிந்தால் முதல் இலையில் துருவைக் கண்டதுமே வந்து சொல்வார். காலத்தில் வந்த ஒரு செய்தி, பின்னால் பிடுங்கும் ஆயிரம் புதருக்குச் சமம். ஆகவே நஷ்ட ஈடு தர்மம் மட்டுமன்று. நோய்த்தடுப்பின் ஓர் அங்கமும் ஆகும்.

தடை நீங்கியபின்

1966 இல் மத்திய அரசாங்கம் தன் தடையை விலக்கி, பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. அதற்குள் அறிவும் வளர்ந்திருந்தது. கனடாவின் ஒட்டாவாவில் துருவை எதிர்த்து நிற்கும் கறுப்புக் கரன்ட் ரகங்களை உண்டாக்கியிருந்தனர். மறுபுறம், நோய் தாங்கும் பைன் மரங்களைத் தேர்ந்தெடுத்து விதைத் தோட்டங்கள் அமைக்கும் வேலையும் தொடங்கியிருந்தது. புதருக்கும் மரத்துக்கும் இடையே சமாதானம் காண வழி பிறந்தது. ஆயினும் நியூயார்க் மாநிலச் சட்டம் திருந்தியது 2003 இல்தான். அதற்குள் ஒரு தலைமுறை அப்பழத்தின் சுவையையே மறந்துபோயிற்று. பிடுங்குவதற்கு ஓர் உத்தரவு போதும். மறந்துபோன சந்தையை மீண்டும் உண்டாக்க எந்த உத்தரவும் போதாது.

கதை இங்கே மங்களமாக முடிந்திருந்தால் நாமும் சட்டத்தைக் குறை கூறி விடைபெற்றிருப்போம். ஆனால் 2008 இல் கனெக்டிகட் மாநிலத்தில், துரு அணுகாது என்று நம்பி நட்ட டைட்டானியா என்னும் ரகத்திலேயே துரு கண்டது. அவ்வெதிர்ப்புச் சக்தி ஒரே ஒரு மரபணுவைச் சார்ந்து நின்றது. பூஞ்சணம் அப்பூட்டுக்குச் சாவி கண்டுபிடித்துவிட்டது. இதனால் அண்டை மாநிலங்கள் மீண்டும் விழிப்படைந்தன. தடை விதித்துவிட்டு மறந்துபோவது எவ்வளவு தவறோ, தடை நீக்கிவிட்டு மறந்துபோவதும் அவ்வளவு தவறு.

நமக்குரிய பாடம்

நம் நாட்டிலும் இவ்விதச் சட்டங்கள் புதியவை அல்ல. 1914 இல் இந்தியாவில் பூச்சி புட்டைச் சட்டமும், 1919 இல் சென்னை மாகாணத்தில் வேளாண்மைப் பூச்சி நோய்ச் சட்டமும் வந்தன. கோயம்புத்தூர் முதலிய ஜில்லாக்களில் கம்போடியாப் பருத்தி பயிரிட்டவர்கள், குறித்த கெடுவுக்குள் பழைய மிலாறுகளைப் பிடுங்கியாக வேண்டும் என்று இரண்டாவது சட்டத்தின்கீழ் உத்தரவு நடந்தது. தண்டுக்கூன்வண்டு ஒரு பருவத்திலிருந்து மறு பருவத்துக்குத் தாவாதிருக்கவே அது. அவ்வுத்தரவில் பிடுங்கியவரும் பயனடைந்தவரும் ஒரே பருத்தி விவசாயிகள். பாரம் சமமாக விழுந்தது. கரன்ட் விஷயத்தில் பாரம் ஒருவர்மேலும் பயன் வேறொருவர்க்குமாகப் பிரிந்தது. இவ்விரண்டு வகையையும் ஒன்றாகக் கருதும் சட்டம் நியாயமாக இயங்காது.

ஆகவே நம் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறோம். முதலாவது, காவல் நாற்றங்காலில் தொடங்க வேண்டும். மலிவான நாற்றைச் சோதனையின்றித் தருவிப்பதே பெருந்தீமைக்கு வித்து. இரண்டாவது, உத்தரவு அளந்து போடப்பட வேண்டும். எந்த ரகம், எத்தனை அடி, எந்தப் பகுதி என்று நோயின் இயல்பை அறிந்து வரையறுக்க வேண்டும். மூன்றாவது, ஒருவருடைய செடியை மற்றவருக்காகப் பிடுங்கினால், காக்கப்பட்டவரும் பொதுப் பணமும் சேர்ந்து ஈடு தர வேண்டும். நான்காவது, ஒவ்வோர் உத்தரவுக்கும் கெடு இருக்க வேண்டும்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய ஆராய்ச்சியைக் கொண்டு அதை மறுபடி எடைபோட வேண்டும்.

இவற்றை அரசாங்கத்திடம் கேட்பது மட்டும் போதாது. கூட்டுறவுச் சங்கம் செய்யத்தக்க காரியங்களும் உண்டு. நாற்றையும் விதையையும் அங்கத்தினர் தனித்தனியே கண்ட இடத்தில் வாங்காமல், சோதித்த பண்ணையிலிருந்து சங்கத்தின் மூலமாகவே தருவிக்கலாம். ஊருக்கு இருவரைப் பயிர் பார்வைக்கென நியமித்து, புதுநோய் கண்டால் உடனே சொல்ல ஏற்பாடு செய்யலாம். லாபத்தில் ஒரு சிறு பகுதியைப் பயிர்நோய் நிதியாக ஒதுக்கி, ஊர் நன்மைக்காகச் செடியை இழக்கும் அங்கத்தினருக்கு உடனடி உதவி தரலாம். அரசாங்கத்தின் ஈடு வந்து சேரும்வரை அவர் கடன்காரர் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

ஒருவர் தோட்டத்தின் வேலி நோயைத் தடுக்காது. காற்றுக்கு வேலி கிடையாது. ஆதலால் பயிர்நோய் என்பது இயல்பாகவே கூட்டுறவுக்குரிய காரியம். ஆபத்தை எல்லாரும் பகிர்ந்துகொள்கின்ற இடத்தில் இழப்பையும் எல்லாரும் பகிர்ந்துகொள்வதே முறை. வரும் மகாசபைக் கூட்டத்தில் பயிர்நோய் நிதியைப் பற்றி அங்கத்தினர்கள் தத்தம் அபிப்பிராயங்களைக் கூறி ஒரு முடிவுக்கு வருவார்களாக என்று கேட்டுக்கொள்கிறோம்.